மாமியார் வைத்த சிக்காண்டா

"பாஸ், தூங்குறீங்களா, செத்துட்டீங்களா? செத்திருந்தா இப்பவே சொல்லிருங்க. உங்க சாவுச் சாப்பாட்டுக்கு எங்க ஊர்லேர்ந்து நான் ஆள் கூட்டணும்."

கண்ணைத் திறக்காமலே ஜேரேதான் என்று தெரிந்தது. கசாமா ஊரில் என்னிடம் இப்படிப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். நான் பெம்பா இனம், அவள் ங்கோனி இனம். எங்கள் முப்பாட்டன்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தவர்கள். பிறகு சமாதானம் ஆனபோது, இனிமேல் ஈட்டிக்குப் பதில் வாயை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ஒரு ங்கோனி ஒரு பெம்பாவை எப்படி வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளலாம், பிணத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, 'தள்ளிப் படுப்பா' என்றுகூடச் சொல்லலாம். பெம்பாவுக்கும் அதே உரிமை உண்டு. கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் மரியாதை போகும். இந்த ஏற்பாட்டைச் செய்த பெரியவர்கள் யாரும் ஒரு ங்கோனியோடு ஒரே அறையில் வருடக்கணக்காகத் துப்பறிந்திருக்க மாட்டார்கள்.

மின்வெட்டு. விசிறி நின்று போயிருந்தது. எங்கள் ஊரைக் கொளுத்தும் அக்டோபர் வெயிலில் தகரக் கூரை முனகிக்கொண்டிருந்தது. போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவன் பேசாமல் மீன் பிடிக்கப் போயிருக்கலாம். துப்பறிவாளர் என்று பெயர்ப் பலகை எழுதி மாட்டியது என் புத்தி.

"முகத்தைத் துடைங்க பாஸ். ஆள் வந்திருக்கு. வாராவாரம் நீங்க நாக்கைத் தொங்கப் போட்டுட்டுப் போய் நிக்கிற ஆள்தான்."

வாசலில் முசொண்டாம்மா நின்றிருந்தாள். முசொண்டா என்கிற பெண்ணின் அம்மா. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும், பிள்ளை பெற்ற பிறகு எங்கள் ஊரில் யாரும் அதைத் தேடுவதில்லை. சந்தையில் சிக்காண்டா விற்கிறவள். சதுப்பில் பூக்கும் ஆர்க்கிட் செடியின் கிழங்கைக் காயவைத்து இடித்து, நிலக்கடலை மாவும் மிளகாயும் சமையல் சோடாவும் போட்டுக் கிண்டி, தணலில் இறுகவிட்டு வில்லை போடுவாள். இறைச்சிக்கு ஏங்குகிற நாக்கை அவளுடைய ஒரு வில்லை ஏமாற்றிவிடும். சனிக்கிழமை தவறாமல் என் நாக்கு ஏமாறும்.

மண்டியிட்டு மெல்லக் கைதட்டி வணக்கம் சொன்னாள். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"உங்க கடைக்கு ரெண்டு வாரமா யாருமே வர்றதில்லையே," என்றேன்.

"யார் வருவாங்க ஐயா? விஷம் வைக்கிறவகிட்ட."

விஷயம் ஊருக்கே தெரியும், எனக்கும் அரைகுறையாகத் தெரியும். ஜூன் மாதம் முசொண்டாவுக்கும் லோம்பே என்கிற பையனுக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணம் ஆனாலும் மாமியார் கைச் சோற்றை மருமகன் தொடக்கூடாது. பெண் வீட்டார் எல்லாப் பலகாரமும் சமைத்துத் தலையில் சுமந்து வந்து, 'இதுதான் எங்கள் அடுப்பு' என்று காட்டி விருந்து வைத்த பிறகுதான் தொடலாம். அந்த விருந்து இரண்டு வாரம் முன்னால் நடந்தது.

"சிக்காண்டா தட்டை நானே கொண்டுபோய் வச்சேன். முறைப்படி எல்லார் முன்னாலயும் முதல் வில்லையை நான் தின்னு காட்டினேன். அடுத்த வில்லையை மாப்பிள்ளை எடுத்தார். பாதி தின்னிருப்பார், எழுந்து ஓடிட்டார். வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில ஏதோ கிழங்கு விஷம்னு சொன்னாங்க. மத்த பண்டமெல்லாம் எல்லாரும் தின்னாங்க ஐயா. சிக்காண்டாவைத் தின்னது அவர் ஒருத்தர்தான்."

"மீதி வில்லை?"

"மாப்பிள்ளையோட தாய்மாமா கபாசோ அப்பவே எடுத்து அடுப்புல போட்டுட்டார். வேற யாரும் தின்னுடக் கூடாதுன்னு."

"நீங்கதான் முதல்ல தின்னீங்களே. அதுக்கு என்ன சொல்றாங்க?"

"எந்த ஓரத்துல விஷம் இருக்குன்னு வச்சவளுக்குத் தெரியாதாங்கிறாங்க."

ஜேரே குறுக்கே வந்தாள். "மருமகன் மேல உனக்கு என்னக்கா பகை?"

"அவர் சுரங்க வேலைக்குக் கிட்வே போறதா இருந்தார். இவளையும் கூட்டிட்டுப் போவார். ஒரே பொண்ணு, நான் நாலு பேர் முன்னால அழுதேன். அதைத்தான் இப்பச் சொல்லிக் காட்டுறாங்க." அவள் மடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாளைக்கு மத்தியானம் ரெண்டு குடும்பமும் உட்காருது. பொண்ணைத் திருப்பி அனுப்பிட்டு, மறுநாள் என் மேல போலீஸ்ல எழுதிக் கொடுப்பாங்களாம். ஐயா, என் பேரு, எம் பொண்ணு வாழ்க்கை, இதுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னா அவ வாழ்க்கையைக் காப்பாத்திருங்க. என் பேர் போனாப் போகட்டும்."

குடும்ப வழக்கு எடுப்பதில்லை என்று நான் பலமுறை சபதம் செய்திருக்கிறேன். திருடனைப் பிடித்தால் திருடன் மட்டும் அழுவான், குடும்பத்துக்குள் கையை விட்டால் எல்லோரும் அழுவார்கள். ஆனால் அவள் வீட்டுச் சிக்காண்டாவை இத்தனை வருடம் தின்ற வயிறு இது. பிழைத்துத்தான் கிடக்கிறது. சட்டையை மாட்டினேன்.

"எங்க பாஸ் கிளம்பிட்டார்," என்றாள் ஜேரே. "சாயங்காலத்துக்குள்ள வாசலைத் தாண்டிருவார்."

*

கபாசோ மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரர். எங்கள் வழக்கத்தில் பிள்ளைகளுக்கு அப்பனைவிட தாய்மாமன்தான் பெரிய ஆள். லோம்பேயைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். முற்றத்து மாமரத்தடியில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வியர்வை ஓடியது. தலையில் காது வரை இழுத்துவிட்ட கறுப்புக் கம்பளித் தொப்பி.

"கபாசோ அண்ணே, குளிர்காலம் உங்க தலைக்கு மட்டும் தனியா வந்திருக்கா?" என்று ஜேரே ஆரம்பித்தாள்.

"சளி. நீ போடி எலி தின்னி."

"குரங்கு தின்ன வாயால எலியைக் குறை சொல்லக் கூடாதுண்ணே."

ங்கோனிக்கு எலி, பெம்பாவுக்குக் குரங்கு என்பது எங்கள் இரண்டு இனத்துக்கும் நடுவே பழைய கிண்டல். அவர் சிரித்தார். முறை தெரிந்த மனிதர். சிரிப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"கசுபா, உன்னை அந்தப் பொம்பளைதான் அனுப்பியிருப்பா. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நான் அந்தத் தட்டைத் தொடவே இல்ல. கோழி தின்னேன், மீன் தின்னேன், அதைத் தொடல. தொட்டிருந்தா இந்நேரம் என் குழி மேல புல்லு முளைச்சிருக்கும்."

"உங்களுக்குப் பிடிக்காதா?"

"என்னமோ மனசுல பட்டுச்சு. கடவுள் காப்பாத்தினார்."

உள்ளே அறையில் லோம்பே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நல்ல உயரமான பையன், கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தலையில் துண்டு சுற்றியிருந்தான். அது நழுவிய இடத்தில் முடி இல்லை. வழுக்கை விழுகிற வயதில்லை அவனுக்கு.

"அன்னைக்குக் காலையில என்னப்பா சாப்பிட்டே?" என்றேன்.

அவன் மாமாவைப் பார்த்தான்.

"டீ," என்றார் மாமா. "வெறும் டீ. விருந்து சாப்பிடப் போறவன் வயித்தைக் காலியா வச்சிருக்க மாட்டானா?"

"தம்பி பேசட்டுமே."

"அவன் களைச்சுப் போயிருக்கான்."

கேள்வி கேட்டால் மாமாவைப் பார்க்கிற பையனிடம் கேட்டுப் பயனில்லை. எனக்கும் களைப்பாகத்தான் இருந்தது. வெளியே வந்தேன்.

கொல்லைப்புறத்தில் முசொண்டா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு அவள் கையால் தண்ணீர்கூடக் கொடுக்க விடுவதில்லை, துவைக்க மட்டும் விட்டிருந்தார்கள். ஜேரே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள். தலையணை உறை.

"தினமும் இது ஒண்ணு தனியாத் துவைக்கணும் அக்கா," என்றாள் முசொண்டா. "முடி முடியா வருது. எடுத்து எடுத்துப் போடுறேன்."

"விருந்தன்னைக்குக் காலையில உன் வீட்டுக்காரர் எங்கே இருந்தார்?"

"விடியுறதுக்கு முன்னாலயே மாமா வந்து ஓடைக்குக் கூட்டிட்டுப் போனார். குளிச்சிட்டு, ஆம்பளைங்க பேசுற பேச்சு ஏதோ இருக்குன்னார்." உறையை உதறிக் கொடியில் போட்டாள். "எங்கம்மா செய்யல ஐயா. ஆனா அவர் ஒரு வார்த்தையும் பேச மாட்டேங்குறார். என்னன்னு நான் கேட்கிறது?"

*

திரும்பி நடக்கும்போது ஜேரேயிடம் சொன்னேன். "அது காந்தள் கிழங்கு."

"சிவப்பும் மஞ்சளுமாப் பூக்குமே, அதுவா?"

"அதுதான். நான் ம்பிக்கா போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தப்ப ஒரு பஞ்ச காலத்துல ஒரு குடும்பம் தெரியாம அதைத் தின்னுச்சு. ஒரு பொம்பளை மட்டும் பிழைச்சா. வாக்குமூலம் கொடுக்க வந்தப்ப தலைத்துணியை அவிழ்க்கவே மாட்டேன்னுட்டா. பிழைச்சவங்களுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு முடி கொட்டும்."

"அப்ப முசொண்டாம்மா சிக்காண்டாவுல..."

"அந்தக் கிழங்கு உடனே வேலையைக் காட்டாது ஜேரே. சில மணி நேரம் வயித்துல சும்மா கிடக்கும். பாதி வில்லை தொண்டையில நிக்கும்போதே வாந்தி வந்ததுன்னா, அது வேற ஏதோ, அதுக்கு முன்னாடியே தின்னது."

"அப்ப வழக்கு முடிஞ்சுது. வாங்க, எனக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுக்க உங்களை அனுமதிக்கிறேன்."

"முடியல. இதைச் சொன்னா கபாசோ என்ன சொல்லுவார்? மாமியார் விஷம் சீக்கிரம் ஏறும்பார். ஊர் அதைத்தான் நம்பும். கண்ணால பார்க்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

சந்தைக்குப் போனோம். முசொண்டாம்மாவின் பலகையில் வில்லைகள் ஈ மொய்க்காமல் மூடிக் கிடந்தன. நாங்கள் நிற்பதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரி தன் தக்காளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். முசொண்டாம்மா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டினாள். தலை நிறைய முடி இருந்தது.

"இந்தக் கிழங்கு எப்பத் தோண்டினது?" என்றேன்.

அவள் ஒரு கிழங்கைக் கையில் வைத்தாள், காய்ந்து கல்லாகியிருந்தது. "மழை முடியுறப்ப. இப்ப எவ தோண்டுவா ஐயா? பூவும் இலையும் காஞ்சு மண்ணோட மண்ணாக் கிடக்கும். எது என்ன கிழங்குன்னு எங்களுக்கே நிச்சயமாத் தெரியாது."

"பச்சைக் கிழங்கு யாருமே கேட்க மாட்டாங்களா?"

அவள் வில்லைகளை மூடியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். ஜேரே சிரித்தாள்.

"பாஸ், நீங்க பெம்பாவா இல்லையா? இரட்டையாத் தொங்குற கிழங்கு. அதைப் பார்த்தா ஆம்பளைங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பச்சையா இடிச்சுக் கஞ்சியில போட்டுக் குடிச்சா சிங்கம் ஆயிடலாம்னு ஒரு நம்பிக்கை. உங்களுக்கு வேணும்னா நான் கேட்டு வாங்கித் தர்றேன், வெட்கப்படாதீங்க."

"தேடுவாங்க," என்று தலையைக் குனிந்தபடி ஒத்துக்கொண்டாள் முசொண்டாம்மா. "ஆனா எங்ககிட்ட வர மாட்டாங்க. எங்ககிட்ட கேட்க அவங்களுக்கு மானம் இடம் கொடுக்காது."

பேருந்து நிலையத்துக்கு எதிரில் முடிதிருத்தும் கடை. கடைக்காரன் மின்சாரத்துக்காகக் காத்திருந்தான், நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான்.

"கபாசோ ஐயாவுக்கு இங்கதானே முடி வெட்டுறது?" என்றேன்.

"சனிக்கிழமையானா வந்து நிப்பார் ஐயா. தாடி, மீசை, பக்கவாட்டுல கோடு, எல்லாம் வேணும். சின்னப் பொண்ணாப் பார்த்து ரெண்டாவதா கட்டினதுலேர்ந்து கண்ணாடி முன்னாடியே குடியிருந்தார். இப்ப என்ன கோபமோ, அந்த விருந்துக்கு அப்புறம் ஆளையே காணோம்."

"சளியாம்," என்றாள் ஜேரே.

"இந்த வெயில்லயா?"

எனக்கு நாற்காலியில் உட்கார வேண்டும் போல இருந்தது. கடைக்காரன் எழுந்து இடம் கொடுத்தான். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் ஜேரேயைக் கூப்பிட்டுக் காதில் ஒன்று சொன்னேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்களே செய்யலாமே பாஸ்."

"நான் பெம்பா. ஒரு பெம்பாப் பெரியவர் மேல நான் கை வச்சா அபராதம் கட்டணும். நீ ங்கோனி. நாளைக்கு உன் வாய் மட்டும் போதாது, கையும் வேணும்."

*

மறுநாள் மாமரத்தடியில் பாய்கள் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் பெண் வீடு, ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, நடுவில் கல்யாணம் பேசி முடித்த தூதுக்காரர். லோம்பேயைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள், தலையில் துண்டோடு. முசொண்டா தன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். விருந்தன்று அவள் அம்மா சிக்காண்டா வைத்துக் கொண்டுவந்த நீலப் பீங்கான் தட்டும் அங்கே மண்ணில் கிடந்தது. விருந்துத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, எதையாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த ஒரு தட்டை மட்டும் குற்றத்துக்குச் சாட்சி என்று கபாசோ நிறுத்தி வைத்திருந்தார்.

கபாசோதான் பேசினார். நன்றாகப் பேசினார். மருமகன் உயிரை நினைத்துக் கண் கலங்கினார், பெண் வீட்டாரின் நன்றிகெட்டதனத்தை எடுத்துச் சொன்னார். எதற்கு இங்கே வந்தேன் என்று எனக்கே ஒரு நிமிடம் அலுப்பாக இருந்தது.

தூதுக்காரர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஐயா," என்றேன் கபாசோவிடம், "எனக்கு வயசாச்சு, ஞாபகம் நிக்கிறதில்ல. நீங்க அந்தத் தட்டைத் தொட்டீங்களா?"

"எத்தனை தடவை சொல்றது? தொடல."

"நுனி விரல்ல எடுத்து ருசிகூடப் பார்க்கல?"

"அடுப்புல போடுறப்பக்கூடத் துணியால பிடிச்சுத்தான் போட்டேன். இத்தனை பேர் சாட்சி."

"ஆமாம், அவர் தொடல," என்று மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர் சொன்னார்கள். பெண் வீட்டாரும் ஆமோதித்தார்கள். இரண்டு குடும்பமும் ஒத்துக்கொண்ட விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

"ஜேரே," என்றேன்.

அவள் முற்றத்தின் மறுகோடியிலிருந்து கூவிக்கொண்டே வந்தாள். முன்பு பேருந்து நிலையத்தில் பயணிகளைக் கூவி அழைத்தவள், குரலுக்குப் பஞ்சமில்லை. "என்னங்கடா பெம்பாக்களா, எங்க வீட்டு அடிமைங்களா இருந்துட்டு, ஒரு கூட்டம் போட்டா எங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாமா? கபாசோ அண்ணே, உங்க தாத்தன் எங்க தாத்தனுக்குத் தர வேண்டிய பாக்கி ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளாச்சு." நேராகப் போய் அவர் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். அவர் இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் தொப்பி அவள் கைக்குப் போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பது முறை. தொப்பியைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள், பெண்கள் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக கபாசோவின் தலையைப் பார்த்தார்கள். பாதி அறுத்துவிட்டுப் போன வயல் மாதிரி இருந்தது. அங்கங்கே ஒரு கொத்து, மற்ற இடமெல்லாம் வெறும் தோல்.

யாரோ சுவரோரம் இருந்த லோம்பேயைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயா, மருமகனுக்கு முடி கொட்டினது அவன் தின்ன விஷத்தால," என்றேன். "அந்தக் கிழங்குக்கு அது குணம், ஆஸ்பத்திரியில கேட்டாலும் சொல்லுவாங்க. நீங்க அந்தத் தட்டைத் தொடல, இத்தனை பேர் சாட்சி. அப்ப உங்க முடி எந்தத் தட்டுல கொட்டுச்சு?"

அவர் வாயைத் திறந்தார். "சளி" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"மாமா, போதும்," என்றான் லோம்பே. அவன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஓடைக்கரையில கஞ்சி குடிச்சோம். மாமா கிழங்கு இடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கல்யாணமாகி இத்தனை மாசம் ஆச்சு, முசொண்டா இன்னும் உண்டாகலன்னு அவருக்குக் கவலை. ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிச்சோம். நான் நிறைய குடிச்சேன்."

"ஆளுக்கு ஒண்ணா?" என்றாள் ஜேரே. "மருமகனுக்குச் சரி. அண்ணனுக்கு எதுக்கு?"

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த கபாசோவின் இளைய மனைவி துணியால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அன்றைக்கு யார் சிரித்ததையும்விட அந்தச் சிரிப்புதான் அவரை வீழ்த்தியது.

"நான் சிக்காண்டான்னுதான் நினைச்சேன்," என்றார் கபாசோ, தரையைப் பார்த்து. "சத்தியமா. நானே மண்வெட்டி எடுத்துட்டுப் போய்த் தோண்டினேன். பச்சையா வேணும் அந்த மருந்துக்கு. எந்தப் பொம்பளைகிட்டப் போய்க் காட்டிக் கேட்பேன்? பொழுது சாயறதுக்குள்ள ஊர் பூரா சிரிக்கும்."

பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. சதுப்பில் கிழங்கு தோண்டுவது பெண்கள் வேலை. அங்கே எது ஆர்க்கிட், எது காந்தள் என்று ஒரு பெண்ணிடம் கேட்பதைவிட எங்கள் ஆண்பிள்ளை செத்தே போவான். கிட்டத்தட்டப் போனார்கள்.

"விருந்துல உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே, எப்படி?" என்றேன்.

"வயித்தைப் பிடிச்சிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ரெண்டு நாள் படுக்கை, மலேரியான்னு சொன்னேன். நான் கொஞ்சமாக் குடிச்சதால ஆஸ்பத்திரி வரைக்கும் போகல. கிழங்கு விஷம்னு அவங்க சொன்னதும் எல்லாரும் அந்தத் தட்டைப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன்." கையை விரித்தார். "அவ்வளவுதான் நான் செஞ்சது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெறும் சோர்வுதான் வந்தது. அவ்வளவுதான் செய்தார். ஒரு பெண்ணைக் கொலைகாரியாக்க அதற்குமேல் செய்ய வேண்டியதில்லை.

தூதுக்காரர் தொண்டையைக் கனைத்தார். பேச்சு வேகமாக நடந்தது. கபாசோ முசொண்டாம்மா முன் தரையில் படுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு ஆடு கொடுக்க வேண்டும், சந்தையில் வந்து எல்லோர் முன்னாலும் அவள் கைச் சிக்காண்டாவைத் தின்ன வேண்டும். கபாசோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கல்யாணம் அப்படியே நிற்கும். பெண்கள் சந்தோஷக் குலவையிட்டார்கள். முசொண்டாம்மாவின் கண்ணிலிருந்து முதல்முறையாகத் தண்ணீர் வந்தது. பெட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி மகளுக்குக் கையைக் காட்டினாள்.

முசொண்டா எழுந்தாள். பெட்டியின் பக்கம் போகாமல் லோம்பேயின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா செய்யலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மாமா மானம் போயிடும்னு..."

"எப்பன்னு கேட்டேன்."

அவன் துண்டைப் பிடித்துக்கொண்டான். "ஆஸ்பத்திரியிலேயே. முதல் நாளே."

"தினமும் உங்க தலையணை உறையைத் துவைச்சேன்," என்றாள். "உங்க மாமா எங்கம்மாவைக் கொலைகாரின்னு இந்த முற்றத்துல நின்னு கத்துவார். ஜன்னல் திறந்துதான் இருக்கும். நீங்க சுவர் பக்கம் திரும்பிப் படுப்பீங்க."

"முசொண்டா, நான் இன்னைக்குச் சொல்லிட்டேன்ல?"

"தொப்பி போனப்புறம் சொன்னீங்க."

அவன் அழுதான். அவள் அழவில்லை. "முடி வளர்ந்துடும்," என்றாள், அவனுக்குத் தைரியம் சொல்வது போல. பிறகு பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மண்ணில் கிடந்த நீலத் தட்டையும் குனிந்து எடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரிய பெண் ஒருத்தி பதறி எழுந்தாள். "அம்மாடி, தட்டை வெறுமையாக் கொண்டுபோகக் கூடாதும்மா. ஏதாவது வச்சுத் தர்றோம், இரு."

"வெறுமையாவே போகட்டும் அம்மா," என்றாள் முசொண்டா.

*

சனிக்கிழமை சந்தைக்குப் போனபோது முசொண்டாம்மாவின் பலகையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. தக்காளிக்காரி தன் கூடையை மறுபடி பக்கத்திலேயே நகர்த்தி வைத்திருந்தாள். பின்னால் முசொண்டா உரலில் நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்தாள். ஜேரே கம்பளித் தொப்பியோடு வியர்த்து வழிந்துகொண்டு என்னோடு வந்தாள். பிடுங்கினது பிடுங்கினதுதான், திருப்பித் தருவது முறையில்லையாம்.

கூட்டம் குறையும்வரை நின்றோம். என் முழங்கால் வலித்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுக்க நினைத்தேன்.

"நீங்க ரெண்டுல ஒண்ணு கேட்டீங்க," என்றேன். "நான் மத்ததை, உங்க பேரைத்தான், காப்பாத்திக் கொடுத்துட்டேன்."

அவள் வில்லை போட்டாள். முதல் வில்லையை வழக்கம்போலத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கிக் காட்டிவிட்டு, அடுத்ததை எனக்கு நீட்டினாள். பின்னால் உலக்கை நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் தப்பாக் கேட்டுட்டேன் ஐயா," என்றாள். "கேட்க வேண்டியதை அவ மாப்பிள்ளைகிட்டக் கேட்டுட்டா."

வில்லையை வாங்கித் தின்றேன். அன்றைக்கு மிளகாய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.